சாயம் போகிற துணி

என் நாத்தனார் காஞ்சனாவுக்குத் தோசை திருப்பத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. சென்னையில் ஒரு மருந்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்த வித்தியாசம் புரியாது. லீவுக்கு வந்தால் போதும், சளி என்றும் வயிற்றுவலி என்றும் வந்து கையை நீட்டுவார்கள். "எனக்கு வைத்தியம் பாக்கத் தெரியாதுங்க" என்பாள். "அப்ப இத்தினி வருசம் இன்னாதான் படிச்சே?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நானே கேட்டிருக்கிறேன். அவள் என்ன படித்தாள் என்பது என் வீட்டுக்காரர் காலில் புண் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

எங்களுக்குப் பூர்வீகம் பொதட்டூர்பேட்டை. தறிதான் பிழைப்பு. என் மாமனாரை அவர் பெற்ற பிள்ளைகள் மட்டுமல்ல, நானும் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கட்டம் போட்ட லுங்கியில் அவர் கைக்கு அங்கே பெயர் இருந்தது. ஒரு சமயம் நூலில் சாயம் சரியாக ஏறாமல், ஒரு கட்டு லுங்கி முழுக்க முதல் துவையலிலேயே வெளுத்துவிட்டது. வாங்கிய வியாபாரி அந்தக் கட்டைத் தெரு நடுவில் கொண்டுவந்து போட்டு, "சாயம் போச்சு, சாயம் போச்சு" என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் பிரித்துக் காட்டினானாம். அந்த மானக்கேடு தாங்காமல்தான் நைனா குடும்பத்தோடு திருத்தணிக்கு வந்து மலையடிவாரத்தில் தறி போட்டார். அதற்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சேர்த்துச் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் என் பழைய புடவை ஒன்றைப் பார்த்து நான் யதார்த்தமாகச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் ராஜகோபால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து போய்விட்டார். சாவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல என் மாமியார் என்னைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் பிறந்தவள் காஞ்சனா. அறுபத்து மூன்றில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். மேலே மருந்துப் படிப்பு படிக்க வேண்டும் என்றபோது நைனா, "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குடா மெட்ராஸு?" என்று முறைத்தார். அவள் அண்ணன்தான் தறிக் குழியில் உட்கார்ந்தபடியே பேசினார். "படிக்கட்டும் நைனா. தறியில நான் ஒருத்தன் குந்திக்கினு இருக்கேன்ல, போதும்." இவர் சும்மாவே அதிகம் பேசாத ஆள். அன்றைக்கு அந்த ஒரு பேச்சு பேசினார், அவள் ரயிலேறிவிட்டாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். என்னிடம் காட்டுகிற வாய்த்துடுக்கில் ஒரு துளி அவரிடம் காட்ட மாட்டாள்.

படித்து முடித்து அந்தக் கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். கூடவே ஆராய்ச்சி. இன்னா ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"புண்ணுக்கு டிங்சர் அயோடின் போடறோம் இல்ல அண்ணி, போட்டதும் சுள்ளுனு எரியுது. சாயங்காலம் பாத்தா அங்க மருந்தே இல்ல. ஆவியாப் போயிடுது. கிருமி மட்டும் அங்கயே குந்திக்கினு இருக்குது. மருந்தும் கூடவே குந்தணும். கொஞ்சம் கொஞ்சமா எறங்கணும். அதுக்கு வழி தேடறேன்."

"ஒரு பாய் போட்டுக் குடு, குந்திக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பாயைத்தான் தேடுகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

துணியில் மருந்தை நிறுத்திப் பார்க்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அண்ணனிடம் சொல்லி மெல்லிசாக வெள்ளைத் துணி நெய்து வாங்கினாள். நெய்கிறபோது நூலுக்குப் போட்ட கஞ்சியெல்லாம் போக வேகவைத்து அலசி அனுப்பும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். வேகவைத்தேன், அலசினேன். அலசிய துணியை என்ன செய்வோம்? நல்ல அரிசிக் கஞ்சியாக வடித்து, முக்கி, பிழிந்து, விறைப்பாகக் காயவைத்து மடித்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்து இறங்கினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அண்ணி, துணிக்குக் கஞ்சி போட்டீங்களா?"

"போடாம? கஞ்சி போடாத துணிய இந்த வீட்டுல இருந்து எவன் வாங்கிக்கினு போவான்?"

"கஞ்சி இருந்தா டிங்சர் பட்டதும் கருநீலமாப் போயிடும். எட்டாங்கிளாஸ் பசங்களுக்குக் கூடத் தெரியும்."

"அப்ப அந்தப் பசங்களையே வரச்சொல்லி துவைச்சிக்கோ" என்றேன். எனக்கும் கோபம் வரும் அல்லவா? ரெண்டு குடம் தண்ணீர் தூக்கி வேகவைத்தவள் நான்.

கோபத்தில் அந்த நீலத் துணியைக் கல்லூரி மேசை இழுப்பறைக்குள் எறிந்துவிட்டாளாம். ரொம்ப நாள் கழித்து எதையோ தேடித் திறந்தால், நீலம் நீலமாகவே இருந்திருக்கிறது. கஞ்சி இல்லாத துணியில் போட்ட மருந்து அன்றன்றைக்கே பறந்துபோக, இதில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. புண்ணில் ஊறுகிற நீர் பட்டால் அந்தக் கஞ்சி இளகி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. விட விட நீலம் வெளுக்கிறது. நீலம் இருக்கும் வரைக்கும் மருந்து இருக்கிறது, வெள்ளையானால் தீர்ந்துவிட்டது என்று படிக்காதவன்கூடக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இதைப் பிடித்துக்கொண்டு அவள் சில வருஷம் மல்லுக்கு நின்றாள். முயலுக்கு வைத்துப் பார்த்தாள். பிறகு சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் கூட இருந்து, நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். ஆறாத புண்கள் ஆறின.

"உங்க கஞ்சிதான் அண்ணி" என்று அவளே வந்து சொன்னாள். ஒரு குண்டான் வடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். அன்றைக்குச் சிரித்தாள்.

எழுபத்தெட்டில் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே வலது கால் கட்டைவிரலுக்கு அடியில், தறியின் மிதிகட்டை அழுத்துகிற இடத்தில், ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டாக்டர் பரந்தாமன் கிளினிக்கில் தினமும் கட்டு மாற்றுவார்கள். காய்ந்து ஒட்டிப்போன துணியைப் பிய்க்கும்போது கூடவே சதையும் வரும். இவர் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பார். வலி தெரியாததை நான் நல்லது என்று நினைத்தேன். டாக்டர்தான் அது கெட்டது என்றார். "சர்க்கரை வந்த கால்மா இது. வலிச்சாத்தான் உயிர் இருக்குன்னு அர்த்தம். இப்பிடியே போனா பாதத்தை எடுக்கறாப்ல ஆயிடும்."

குழித்தறிக்கு ரெண்டு காலும் வேண்டும். ஒரு காலை வைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தவனை நான் பார்த்ததில்லை. வேறு எந்த வேலையும் இவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். கால் போனால் இவர் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று. காஞ்சனா வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அந்த நீலத் துணியை இவருக்கு வை என்று.

"மாட்டேன் அண்ணி" என்றாள்.

"ஊரான் கால்னா வைப்பே, கூடப்பொறந்தவன் கால்னா மாட்டியா?"

"ஊரான் கால டாக்டர் தினம் பாக்கறாரு. இங்க நான் வாரத்துக்கு ஒருநாள் வரேன். நடுவுல ஏதாச்சும் ஆனா யாருக்குத் தெரியும்? அண்ணன் கால வச்சிப் பரிசோதனை பண்ற தைரியம் எனக்கு இல்ல."

நான் விடவில்லை. திட்டினேன், அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன். கடைசியில் அவள் பரந்தாமனிடம் போய்த் தன் ஆராய்ச்சியை எல்லாம் எடுத்துச் சொன்னாள். அவர் நிறையக் கேள்வி கேட்டுவிட்டுச் சரி என்றார். வாராவாரம் தன்னிடம் வந்து காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

காஞ்சனா நீலத் துணிகளைச் சின்னச் சின்னதாக வெட்டி, பழுப்பு நிறப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்தாள். புண்ணைக் கழுவி, ஒன்றை வைத்து, மேலே சுற்றிக் கட்டிக் காட்டினாள். "தினம் ஒருதரம் ஓரத்தைத் தூக்கிப் பாரு அண்ணா. நீலமா இருந்தா அப்படியே விட்டுடு. நீலம் கொறைஞ்சி வெள்ளையாயிடுச்சின்னா எடுத்துட்டு வேற வை" என்றாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாயம் போனால் என்று அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள், அண்ணன் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தை அவளுக்கு வராது.

புண் தெளிந்துகொண்டு வந்தது. நாற்றம் விட்டது. ஓரத்தில் ரோஸ் நிறமாகச் சதை எழும்பியது. பரந்தாமன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "உங்க தங்கச்சி கெட்டிக்காரி" என்றார். இவருக்கு ஒரே பெருமை. தானே கட்டு மாற்றிக்கொள்வார், என்னைத் தொட விடமாட்டார்.

அந்தச் சமயம் பார்த்து வீரபத்திரன் வந்தான். சாயப் பட்டறைக்காரன், எங்களுக்கு நூல் தோய்த்துக் கொடுப்பவன், நைனா காலத்துப் பழக்கம். இவர் கட்டு மாற்றுகிற நேரத்தில் வந்து நின்று, எடுத்துப்போட்ட துணியைக் குனிந்து பார்த்தான். பாட்டிலில் இருப்பது கருநீலம், கீழே கிடப்பது வெள்ளை. "இன்னா ராஜகோபாலு, தங்கச்சி மெட்ராஸுல செய்ற துணியும் சாயம் போவுதே? உங்க குடும்பத்து ராசியா?" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனான். இவர் அந்த வெள்ளைத் துணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், தினம் காலையில் இவர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீலம் அப்படியே இருக்குது" என்பார். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. புண் ஆறிவிட்டது, நீர் ஊறவில்லை, அதனால்தான் வெளுக்கவில்லை என்று நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். காஞ்சனா பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்து இறங்கிவிட்டது, கிளினிக் வரைக்கும் போகக்கூட வழியில்லை, அதனால் பரந்தாமனிடமும் காட்டவில்லை.

கிருத்திகைக்கு முதல் நாள் இவருக்குக் குளிர் கண்டது. கிருத்திகை அன்று காலையில் காஞ்சனா கூட்டத்தில் நசுங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேராக அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கட்டைப் பிரித்தாள். விரல் கறுத்திருந்தது. அதன் மேல் அந்தத் துணி, நல்ல நீலமாக.

"நீலம் இருக்குது. அப்புறம் எப்பிடி?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். துணியை மூக்கருகில் கொண்டுபோனாள். அப்புறம் பாட்டிலைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள். "அண்ணி, கொதிக்கக் கொதிக்க சுடுதண்ணி குடுங்க."

டம்ளரில் கொடுத்தேன். துண்டை அதில் போட்டாள். கஞ்சியில் ஏறிய நீலம் சுடுதண்ணீரில் நிற்காது, உடனே மறைந்துவிடும், அது அவளுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே நின்றாள். நீலம் அசையவில்லை.

"இது என் நீலம் இல்ல" என்றாள்.

இவர் காய்ச்சலில் கண்ணைத் திறந்தார். சிரித்தார். "போவாது காஞ்சனா. வீரபத்திரன் பட்டறையில குடுத்து எல்லாத்தையும் கெட்டிச் சாயத்துல முக்கி எடுத்துட்டேன். எத்தினி நாள் ஆனாலும் வெளுக்காது. இனிமே உன் துணிய எவனும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

காஞ்சனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயத் தொட்டியில் விழுந்த நொடியே அந்த மருந்து செத்துப்போயிருக்கும், கஞ்சியும் கரைந்துபோயிருக்கும். இத்தனை நாளாக வெறும் நீலத் துணியைப் புண்ணில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அண்ணன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அது போகணும்ணா. அது போறதுதான் மருந்து" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இவரை அந்த நிலைமையிலும் திட்டினேன். வீரபத்திரனைத் திட்டினேன், செத்துப்போன நைனாவைத் திட்டினேன், அந்தப் பொதட்டூர்பேட்டை வியாபாரியின் வம்சத்தையே திட்டினேன். திட்டிக்கொண்டே பக்கத்து வீட்டு நூல் வண்டியை இழுத்து வந்து இவரை ஏற்றினோம். தெரு முழுக்கக் காவடி. "அரோகரா" என்று கத்துகிற ஜனத்துக்கு நடுவில், "வழி விடுங்க, வழி விடுங்க" என்று நான் முன்னால் கத்திக்கொண்டு போக, காஞ்சனா பின்னாலிருந்து தள்ளினாள். பரந்தாமன் பார்த்ததும் கார் ஏற்பாடு செய்து, சென்னைக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். இதோடு நின்றால் கால் தப்பும், வெட்டிய இடத்தில் சதை செத்துக்கொண்டு போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னார். காஞ்சனாவின் துணியை அங்கே ஏற்கனவே வைத்துப் பார்த்தவர்தான் அவர், அதையே வைக்கச் சொன்னார். காஞ்சனா எனக்கு விளக்கினாள். "உயிர் இருக்கற சதைனா ஈரம் ஊறும் அண்ணி. ஊறினா நீலம் வெளுக்கும். செத்த சதையில ஒண்ணும் ஊறாது. துணி நீலமாவே நிக்கும்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணா, இதுல சாயம் போகணும். சாயம் போச்சுன்னா சொல்லு." இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதற்கு நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். எண்பத்தொன்றில் அவளுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். பட்டத்துக்காகக் கேள்வி கேட்ட பேராசிரியர்கள், துணிக்குக் கஞ்சி போடலாம் என்ற யோசனை எப்படி வந்தது என்றார்களாம். எங்கள் அண்ணி போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள், எல்லாரும் சிரித்தார்களாம். மருந்துக் கம்பெனிக்காரர்கள் இரண்டொரு பேர் வந்து பார்த்தார்கள். மழைக்காலத்தில் கஞ்சித் துணி பூஞ்சை பிடிக்கும் என்று விட்டுவிட்டார்கள். அவள் அதற்காக ஒன்றும் உடைந்துபோகவில்லை. இன்னும் அதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது நோயாளி யாருக்குக் கொடுத்தாலும் முதலில் அவனுக்கு என்ன தொழில் என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கம் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வார்டுக்கு வருகிறேன். முதல் நாள் துணி வைத்தது வைத்தபடி நீலமாக நின்றது. மறுநாள் காலையிலும் அப்படியே. பெரிய டாக்டர் வந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் பார்த்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். காஞ்சனா உள்ளே நிற்க முடியாமல் வராந்தாவுக்குப் போய்விட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் ரேடியோவில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன், யார் தின்னப்போகிறார்கள் என்று தெரியாமலே. கட்டில் கிறீச்சிட்டது. இவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து, குனிந்து, தன் கையாலேயே கட்டின் ஓரத்தைத் தூக்கினார். நெசவுக்காரன் துணியைப் பார்க்கிற பார்வை அது, வெளிச்சத்தில் சாய்த்து, இழை இழையாக. நடுவில் கொட்டைப்பாக்கு அளவுக்கு நீலம் வெளுத்திருந்தது. ஓரத்தில் ஈரம்.

"அம்சா" என்று என்னைக் கூப்பிட்டார். "சாயம் போச்சு."

நான் ஆரஞ்சைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். காஞ்சனா என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடிவந்தாள். அவளைப் பார்த்ததும் இவர் இன்னும் கொஞ்சம் சத்தமாக, பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி, மறுபடியும் சொன்னார்.